பேர் மட்டும் வரவில்லை

கங்கையம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செத்துப்போன இரண்டு எருமைகளுக்கு நஷ்டஈடு கேட்கவில்லை, மகளுக்கு வேலை கேட்கவில்லை. பால் கேனைக் கழுவிக் கவிழ்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுபத்ராவை நேராகப் பார்த்து, "எம்பேரு வரக்கூடாது டீச்சரம்மா" என்றாள்.

"வராதுக்கா. அதுக்கு நான் பொறுப்பு."

பொறுப்பு என்ற சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் பாருங்கள். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால்கூட ஒரு நிமிஷம் யோசிக்கிறோம். சுபத்ரா யோசிக்கவில்லை. அவளுக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். ஆறு வாரமாக ஏரிக்கரைத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். அன்றுதான் முதன்முதலாக ஒருத்தி வாயைத் திறந்திருந்தாள்.

விஷயம் இதுதான். செம்பாக்கத்தைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சித்தேரி. அதன் கரையில் ஒரு தகரக் கொட்டகை. காருக்கும் இன்வெர்ட்டருக்கும் போட்டுத் தேய்ந்துபோன பேட்டரிகளை லாரியில் கொண்டுவந்து அங்கே உடைப்பார்கள். ஆசிட்டைக் கால்வாயில் ஊற்றுவார்கள். உள்ளே இருக்கும் காரீயத்தை உருக்கிக் கட்டியாக்கி விற்பார்கள். லைசென்ஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. காரீயப் புகை குழந்தைகளின் மூளைக்குத்தான் முதலில் போகும். கரையோரத்தில் அறுபத்தோரு குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் நாற்பத்து நாலு பேருக்கு அளவுக்கு மேல் இருந்தது.

கொட்டகை நிற்கும் நிலம் லோகநாதனுடையது. பழைய ஊர்க்காரர். ஒரு காலத்தில் நெல் போட்ட குடும்பம், இப்போது பிளாட் போடுகிற குடும்பம். கங்கையம்மாள் அவருடைய தம்பி பெண்டாட்டி. தம்பி செத்து ஆறு வருஷம் ஆகிறது. சொத்தைப் பாகம் பிரிக்கவில்லை. அவள் குடியிருக்கும் வீடும் மாட்டுக் கொட்டிலும் லோகநாதன் பேரில்தான் இருக்கின்றன. மகள் தீபாவைச் செய்யாறு பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரே எருமையோடு அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள்.

"மத்த நாள்ல சும்மாதான் கீது," என்றாள் கங்கையம்மாள். "செவ்வாயும் வெள்ளியும் காத்தால நாலு மணிக்கு அடுப்ப மூட்டுவானுங்க. நான் பால் கறக்க எந்திரிக்கிறேன்ல, எனக்குத் தெரியும். பொகை ஒரு மாதிரி வெள்ளையா தரையோட தரையா போவும். அந்தப் புல்லத்தான் எம் மாடு துன்னுச்சு. வாய்ல நொர தள்ளி, தலையச் செவுத்துல மோதிகினே செத்துச்சு."

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்ல முடியுமா? மச்சாண்டாரு காதுக்குப் போச்சுன்னா என்னை உசுரோட வுடமாட்டாரு. வாய் வார்த்தைக்குச் சொல்லல."

சுபத்ரா அதையும் எழுதிக்கொண்டாள். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

பாடம் சொன்னவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். சுபத்ரா பதினோரு வருஷம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்டர்நெட்டில் 'ப்ரூவன் குட்', அதாவது நிரூபித்துக் காட்டிய நன்மை, என்ற உலகளாவிய வட்டம் ஒன்று கண்ணில் பட்டது. நாற்பது நாட்டு ஆட்கள். மனசு இளகி உதவி செய்தால் போதாது, எந்த உதவி எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்று எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. பேரிலேயே கொஞ்சம் திமிர் இருக்கிறதுதான். ஆனால் அவர்கள் செய்த தப்புகளை எல்லாம் அவர்களே தேதி போட்டு ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கரஸ்பாண்டென்ட் முதல் வாட்ச்மேன் வரை ஒருத்தரும் தப்பை ஒத்துக்கொள்ளாத பள்ளியில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. வேலையை விட்டுவிட்டு, தென் சென்னைப் பக்கத்துக்கு அவர்களுடைய ஆளாகச் சேர்ந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு மீட்டிங். அவர்களுக்கு மத்தியான காபி நேரம், நமக்குக் குக்கர் வைக்கிற நேரம். நடத்துகிறவர் மார்ட்டன், ஆம்ஸ்டர்டாமில் இருப்பவர். நல்ல மனுஷன். நிஜமாகவே நல்ல மனுஷன், அதுதான் தலைவலியே. கெட்டவனாக இருந்திருந்தால் சுபத்ரா எப்போதோ சண்டை போட்டிருப்பாள். அவரோ அவள் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டார். "உங்கள் குரல் எங்களுக்கு மிகவும் வேண்டும், தயங்காமல் பேசுங்கள்" என்று ஒவ்வொரு வாரமும் சொன்னார். எல்லா நாட்டு ஆட்களையும் எப்படி உள்ளே சேர்த்துக்கொள்வது என்று ஒருநாள் தனியாக ஒரு கூட்டமே வைத்து அவளைப் பேசச் சொன்னார். அவள் பேசினாள், மீட்டிங் நேரத்தை மாற்றலாமா என்றும் கேட்டாள், கைதட்டினார்கள். அடுத்த வாரம் ஆறரை மணிக்கே மீட்டிங்.

அவர்களுடைய வழக்கங்கள் சில உண்டு. எதையும் மூடி வைக்கக் கூடாது, வட்டத்துக்குள் நடப்பது உலகத்துக்குத் தெரிய வேண்டும். எந்தக் கருத்தைச் சொன்னாலும் அதில் எவ்வளவு உறுதி என்று பக்கத்தில் சதவீதம் போட வேண்டும். ஒரு முடிவை எழுதி வைத்துவிட்டால் நாற்பத்தெட்டு மணி நேரம் பார்ப்பார்கள். யாரும் மறுத்து எழுதவில்லை என்றால் எல்லாருக்கும் சம்மதம் என்று அர்த்தம்.

பெரியவர்கள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால், நம் வீட்டுக் கல்யாணங்களில் பாதி நடந்ததே அப்படித்தான். அதை மார்ட்டனுக்கு யார் போய்ச் சொல்வது?

சதவீதத்தில் ஒருமுறை சுபத்ரா சூடு பட்டிருந்தாள். சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி தரமாட்டார்கள் என்று எழுதி, பக்கத்தில் தொண்ணூற்றைந்து என்று போட்டாள். அந்தத் தலைமையாசிரியையை அவளுக்கு நேரிலேயே தெரியும். மார்ட்டன் அன்பாகத்தான் கேட்டார். தொண்ணூற்றைந்து ரொம்ப அதிகமாயிற்றே, எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வேறு இரண்டு பேர் அதன் கீழே சிரிக்கிற எமோஜி பொம்மை போட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லைதான். ஆனால் அதற்குள் அந்தக் கேள்வியை எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள். சிரிப்பை மட்டும் சுபத்ரா மறக்கவில்லை. அதற்குப் பிறகு எதற்கும் நாற்பதுக்கு மேல் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

கொட்டகையைப் பற்றிய அறிக்கை தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் வந்தது. காஞ்சிபுரத்தில் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கணவன் கிரீஷ் பட்டாசுப் பையைக் காரில் வைத்துவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சுபத்ரா கட்டிலில் உட்கார்ந்து போனிலேயே படித்தாள். நன்றாக எழுதியிருந்தார்கள். ரத்தக் கணக்கு, மண் சோதனை, படங்கள், எல்லாம் கச்சிதம். ஏழாவது பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

ஏரிக்கரையில் பால் விற்கும் ஒரு பெண். வயது ஐம்பதுக்குள். காலை நாலு மணிக்குக் கறக்க எழுபவர். அந்தப் புல்லை மேய்ந்து இரண்டு எருமைகள் செத்திருக்கின்றன. நில உரிமையாளரின் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். உருக்குவது எந்தெந்தக் கிழமை என்று இவர்தான் நமக்குச் சொன்னார்.

பேர் இல்லை. பேரைத் தவிர எல்லாம் இருந்தது. ஆம்ஸ்டர்டாமில் இருந்து பார்த்தால் அது உலகத்தில் இருக்கும் கோடானுகோடி பெண்களில் யாரோ ஒருத்தி. கரையில் நின்று பார்த்தால் கொட்டகைக்கு மூன்றாவது வீடு. அதை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்ததும் வேறு யாரும் இல்லை, சுபத்ரா கைப்பட எழுதிய குறிப்புகள்தான். முழுசாக எழுத வேண்டும் என்றார்களே, எழுதினாள்.

மூன்று தடவை பதில் எழுதினாள். முதலில் எழுதியது கோபமாக இருந்தது, அழித்தாள். இரண்டாவது கெஞ்சலாக இருந்தது, அழித்தாள். கடைசியில், "இயன்றால், ஏழாவது பத்தியைச் சற்று மறுபடி பரிசீலிக்கலாமா? அந்தப் பெண்ணுக்குச் சங்கடம் வரலாம்" என்று எழுதினாள். அவள் படித்து வளர்ந்த மரியாதையில் அது கத்துவதற்குச் சமம். பள்ளியில் அப்படி எழுதியிருந்தால் பிரின்சிபால் அரண்டுபோய்க் கூப்பிட்டு அனுப்பியிருப்பார்.

ஐந்தே நிமிஷத்தில் மார்ட்டனின் பதில் வந்தது. மிக முக்கியமான கேள்வி, நன்றி. அவருக்குக் கெடுதல் வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று நினைக்கிறீர்கள்?

கிரீஷ் உள்ளே வந்தான். "என்ன சுபா, டிராஃபிக் ஆரம்பிச்சிடும். பெருங்களத்தூர்ல மாட்டினா அவ்ளோதான்."

"ஒரு நிமிஷம். ஒரு நம்பர் போடணும்."

"என்ன நம்பர்?"

"ஒருத்தங்களுக்கு ஆபத்து வருமான்னு கேக்கறாங்க. பர்சென்டேஜ்ல."

கிரீஷ் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "வருமா?"

"வரும்."

"அப்போ நூறுன்னு போட்டுட்டு கிளம்பு."

நூறு என்று போட்டால் சிரிப்பார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். அவளிடம் என்ன இருக்கிறது, ஒரு பெண் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு சொன்ன ஒரு வார்த்தைதானே. சுபத்ரா முப்பது என்று போட்டாள். முப்பதே அதிகமோ என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தாள். நினைத்ததை நினைத்துப் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள், அது வேறு விஷயம்.

மாமியார் வீட்டில் எண்ணெய்க் குளியல், பலகாரம், நாத்தனார் பிள்ளைகள், வெடிச் சத்தம். போன் கைப்பையில் கிடந்தது. மூன்றாம் நாள் தாம்பரம் திரும்பி எடுத்துப் பார்த்தால், அறிக்கை வெளியாகியிருந்தது. கீழே மார்ட்டன் எழுதியிருந்தார்: முப்பது சதவீத ஆபத்தை நாற்பத்து நாலு குழந்தைகளோடு ஒப்பிட்டு யோசித்தோம். அதன் பின் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வேறு மறுப்பு எதுவும் வரவில்லை. எல்லாருக்கும் நன்றி.

அவர்களுக்கு அது சாதாரண வாரம். தீபாவளி என்று ஒன்று இருப்பது காலண்டரில் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

இப்போதாவது கத்தியிருக்கலாம். கத்தவில்லை. வந்தாயிற்று, இங்கிலீஷில் இருக்கிறது, ஏரிக்கரையில் இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். பயந்தவர்கள் எல்லாம் செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பிடித்தார்கள். கொட்டகையைப் பூட்டி, கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். யார் கொடுத்த அறிக்கையின் பேரில் நடவடிக்கை என்று அதிலேயே அச்சடித்திருந்தது. வட்டத்தில் நாற்பது நாட்டில் இருந்தும் கைதட்டுகிற பொம்மைகள் வந்து குவிந்தன. சுபத்ராவின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள்.

அன்று மத்தியானம் கங்கையம்மாள் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பொகை நின்னுடுச்சு டீச்சரம்மா. புள்ளைங்க பொழைச்சுது."

"நீங்க நல்லா இருக்கீங்களாக்கா?"

"கீறேன். காத்தால மச்சாண்டாரு வந்தாரு. வாசல்ல நின்னுகினு மாட்டையே பாத்துகினு இருந்தாரு. ஒரு வார்த்தை பேசல. அப்பால போய்ட்டாரு." குரலை இன்னும் தாழ்த்தினாள். "ஆறு வருசத்துல அவரு எங்க வூட்டு வாசல் பக்கம் வந்ததே இல்ல."

"மகள் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய் இருங்களேன்" என்றாள் சுபத்ரா.

"மாட்டை யாரு பாக்குறது? இப்ப போனா, நாந்தான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடாதா?"



அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை லோகநாதன் சுபத்ராவின் வீட்டுக்கே வந்தார். காலனியின் கடைசி பிளாக், இரண்டாவது மாடி. யாரிடம் வழி கேட்டார் என்று தெரியாது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு துணிப்பை. குன்றத்தூர் மலைக்குப் போய்விட்டு நேராக வருவதாகச் சொல்லி, விபூதிப் பொட்டலத்தையும் இரண்டு வாழைப்பழத்தையும் கிரீஷ் கையில் கொடுத்தார். சோபாவில் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார்கள், முழுசாகக் குடித்தார்.

"கொட்டகை போனதுல எனக்கு வருத்தம் இல்லீங்க டீச்சர்," என்றார். "வாடகைக்கு வுட்டேன், அவன் இன்னா பண்றான்னு நான் பாக்கல. புள்ளைங்களுக்கு ஆகாதுன்னா மூடிட வேண்டியதுதான். கோயில் கும்புடுறவன் நான்."

"சந்தோஷம் சார்."

"எம் புள்ள தீனா இன்ஜினியரிங் படிச்சவன். நோட்டீஸ்ல கீற பேரைப் போட்டு உங்காளுங்க எழுதினத தேடி எடுத்தான். தமிழ்ல மாத்திப் படிச்சுக் காட்டினான். எங்க வூட்டு சேதிய நானு வெளிநாட்டுக்காரன் சொல்லித் தெரிஞ்சிக்க வேண்டியதாப் போச்சு." சிரித்தார். "அதுல ஒரு பொம்பளை வருது. பால்காரி. எங்க வகையறா. மாடு செத்துச்சுங்குறான். கரையில மாடு வச்சிகினு கீற பொம்பளைங்க மூணு பேரு. மூணு பேரும் எங்க வகையறாதான், மூணு பேர் வூட்லயும் மாடு செத்துகீது. அது யாரு டீச்சர்?"

கேட்ட விதத்தில் ஒரு கோபமும் இல்லை. மளிகைக் கடையில் அரிசி விலை கேட்பது போலத்தான் கேட்டார். கிரீஷ் வாழைப்பழத்தைக் கையில் வைத்தபடியே நின்றான்.

உண்மையைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்ற வட்டத்தில் இரண்டு வருஷம் இருந்தவள் சுபத்ரா. அன்றைக்குத் தண்ணீர்பட்ட பாடாகப் பொய் சொன்னாள்.

"அப்படி ஒருத்தரே கிடையாது சார். அவங்க எழுதற முறை அது. பத்துப் பேர் சொன்னதைச் சேர்த்து ஒரு ஆள் மாதிரி எழுதுவாங்க. மாடு ஒரு வீட்ல செத்தது, கிழமை சொன்னது டீக்கடையில. படிக்கிறவங்களுக்குப் புரியணும்னு ஒரு பொம்பளையா ஆக்கிட்டாங்க."

"அப்டியா."

"ஆமா சார். நான்தானே நோட்ஸ் எழுதினேன்."

லோகநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று எழுந்தார். செருப்பை மாட்டும்போது, "பொய் எழுதறவங்களா அவங்க? நல்லவேளை சொன்னீங்க. நான் ஒரு தப்பு பண்ண இருந்தேன்" என்றார்.

கதவைச் சாத்தியதும் சுபத்ரா உள்தாழ்ப்பாளையும் போட்டாள். கிரீஷ் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

ஆம்ஸ்டர்டாமில் அப்போது விடிந்திருக்கவில்லை. நாலு தடவை அடித்த பிறகு மார்ட்டன் தூக்கக் குரலில் எடுத்தார். இரண்டு வருஷத்தில் முதன்முதலாக சுபத்ரா 'இயன்றால்' என்றோ 'சற்று' என்றோ சொல்லாமல் பேசினாள். அந்தப் பத்தியை இப்போதே எடுக்க வேண்டும் என்றாள். மார்ட்டன் காரணம் கேட்டார். ஒரு பத்தியைக் காரணமில்லாமல் எடுக்க அவருக்கு அதிகாரம் இல்லையாம். சொன்னாள். அந்தப் பெண் உரிமையாளருடைய செத்துப்போன தம்பியின் மனைவி, அந்த உரிமையாளர் இன்று என் வீட்டுக்கே வந்து அது யார் என்று கேட்டார், நான் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன், கண்டுபிடித்தால் கொன்றுவிடுவார். முப்பது இல்லை, நூறு, எப்போதுமே நூறுதான்.

மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மார்ட்டன் அழுகிறாரோ என்று தோன்றியது. "இதை நீங்கள் முன்பே இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்றார். குத்திக்காட்டவில்லை, ஆற்றாமையில் சொன்னார். "சொன்னேன்," என்றாள் சுபத்ரா. "நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை." அவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அதன்படியே எடுத்தும்விட்டார். சுபத்ரா திறந்து பார்த்தாள், ஆறாவது பத்திக்குப் பிறகு எட்டாவது பத்தி இருந்தது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை கிரீஷ் ஆபீஸ் போன பிறகு காபியோடு உட்கார்ந்து, எதற்கோ அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். உச்சியில், மஞ்சள் கட்டத்துக்குள், முந்தின நாள் சாயங்காலத் தேதியோடு ஒரு குறிப்பு புதிதாக முளைத்திருந்தது.

எங்கள் தவறு, என்று தலைப்பு. ஏழாவது பத்தியை நீக்கியிருக்கிறோம். அதில் சொல்லப்பட்ட பால்காரப் பெண் நில உரிமையாளரின் காலஞ்சென்ற தம்பியின் மனைவி என்றும், உரிமையாளர் இன்று நேரில் வந்து அவர் யார் என்று விசாரித்தார் என்றும், அவரைத் திசைதிருப்ப வேண்டியிருந்தது என்றும் எங்கள் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் தெரிவித்தார். அந்தப் பெண்ணின் பாதுகாப்புக்காக இந்த நீக்கம். அவரை அடையாளம் காட்டியதற்காக மனமார வருந்துகிறோம். எதையும் மறைக்காமல் திருத்துவது எங்கள் கொள்கை.

கீழே பதினேழு பேர் அந்த நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள்.

சுபத்ரா கங்கையம்மாளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை போடும்போது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டியை எடுத்தாள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. அந்த நாலு நிமிஷத்தில் அவள் வேண்டாத சாமி இல்லை. மார்ட்டனைத் திட்டினாள், தன்னைத் திட்டினாள், அந்த மஞ்சள் கட்டத்தை எழுதிய கையைத் திட்டினாள்.

கரைக்குப் போகும் மண் தெருவில் திரும்பும்போதே எருமை கத்துவது கேட்டது.

கங்கையம்மாள் வீட்டு வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு லோகநாதன் உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர் கப்பில் டீ. கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது. புதுப் பூட்டு, மேலே சுற்றிய பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. கொட்டிலில் எருமையின் மடி கல்லாக விறைத்து, பால் தானாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க டீச்சர்," என்றார்.

"அக்கா எங்க சார்?"

"மக வூட்டுக்குப் போயிருக்கா."

"எப்போ?"

"காத்தால."

"மாட்டைக் கறக்காமலா?"

லோகநாதன் திரும்பி எருமையை ஒரு தடவை பார்த்தார். "அவசரம்னா இன்னா பண்றது. ஆளை வரச் சொல்லிகீறேன், கறந்துடுவான்." ஒரு வாய் டீ குடித்தார். "தீனா நேத்து ராவு சாப்பிடச்சொல்லோ படிச்சுக் காட்டினான். உங்காளுங்க நல்ல மனுசங்க. தப்பை ஒத்துக்கினாங்க. நீங்கதான் எங்கிட்ட பொய் சொல்லிட்டீங்க."

பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகச் சாத்திக்கொண்டது. எதிர் வீட்டு வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கவே இல்லை. சுபத்ரா அவர்களைப் பார்த்தாள், வீடு வீடாக அவள் போய் உட்கார்ந்து பேசிய முகங்கள். ஒருவரும் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவள் போனை எடுத்து நாலாவது தடவையாகக் கங்கையம்மாளின் நம்பரை அழுத்தினாள். லோகநாதனின் சட்டைப் பையில் மணி அடித்தது.

அவர் பதறவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு, ரப்பர் பேண்ட் சுற்றிய அந்தச் சின்ன பட்டன் போனை வெளியே எடுத்தார். கட் பண்ணவும் இல்லை. கையைத் தூரமாக நீட்டி, கண்ணைச் சுருக்கி, திரையில் வந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தவுடு கடை," என்றார். "உங்க நம்பரை இப்டித்தான் போட்டு வச்சிகீறா. யாரு இதுன்னு கேட்டேன். தவுடு கடைக்காரன்னா. மறுபடியும் கேட்டேன். அதையேதான் சொன்னா. எத்தினி வாட்டி கேட்டேன் தெரியுமா?"

போன் அவர் உள்ளங்கையில் அடித்து ஓய்ந்தது. அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கடைசி வரிக்கும் உங்க பேரு அவ வாயில வரல டீச்சர்."

கடைசி என்றால் எந்தக் கடைசி என்று கேட்கத்தான் சுபத்ரா வாயைத் திறந்தாள். எருமை கத்திக்கொண்டே இருந்தது.